விரல் காதை எட்டிய நாள்

அன்றைக்கு என் மகளின் விரல் தானாகவே அவள் காதைத் தொட்டதா, நான் தொடவைத்தேனா? ஆனி மாதத்திலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது கார்த்திகை. பதில் இன்னும் தெரியவில்லை.

வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடவேண்டும். தொட்டுவிட்டால் குழந்தைக்கு ஐந்து வயது, பாலர் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். தொடாவிட்டால் அடுத்த வருஷம் வரவேண்டியதுதான். எங்கள் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் இதுதான் வழக்கம். ஜாதகத்தை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பல வீடுகளில், பெரிய மழை பெய்து ஏரி உடைந்த வருஷம் பிறந்தது என்பதற்கு மேல் பதில் வராது.

என் மகளின் பிறந்த தேதி எனக்குத் தெரியும். அன்றைக்கு அவளுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நாங்கள் இருப்பது அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில். மாமனார் விட்டுப்போன நிலம் கொஞ்சம் இருக்கிறது. கணவரை இழந்து எங்களுடன் இருக்கும் என் நாத்தனார், என் கணவருக்கு மூத்தவர், அதைக் கவனித்துக்கொள்கிறார். என் கணவர் காலை ரயிலில் பட்டணத்துக்கு வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். நான் பூந்தமல்லியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வகுப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்ததற்காக எனக்கு நன்னடத்தைப் பரிசாக ஒரு தையல் பெட்டி கொடுத்தார்கள். அது இன்னும் இருக்கிறது. அதன் மூடியை என் மகள் இரண்டு வயதில் ஏறி நின்று உடைத்துவிட்டாள்.

அவளுக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். கண் விழித்ததும் பாயிலிருந்து நேராகக் கிணற்றடிக்கு ஓடுவாள். அங்கிருந்து வைக்கோல் போர், அங்கிருந்து தெரு. சோற்றை வாயில் வாங்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு அடுத்த கவளத்துக்கு வருவாள். ரயில் ஊதினால் கையில் இருப்பது எதுவானாலும் கீழே போட்டுவிட்டுத் தெருக்கோடிக்குப் பறப்பாள். கூட்ஸ் வண்டியா, மெயில் வண்டியா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். பாட்டை ஒரு தரம் கேட்டால் போதும், திருப்பிப் பாடுவாள். தெருவில் உள்ள மாடுகளில் எது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். அறிவில் குறை என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் அந்த அறிவை ஒரு இடத்தில் உட்காரவைத்து யாரும் பார்த்ததில்லை.

இது முன்பு வேடிக்கையாகத்தான் இருந்தது. உலகச் சண்டை தொடங்கி, ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கிய பிறகு, மாட்டுவண்டி மட்டுமே போய்க்கொண்டிருந்த பாதையில் லாரிகள் ஓட ஆரம்பித்தன. பங்குனி மாதத்தில் ஒருநாள் நான் துணி அலசிக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்தில் குழந்தையைக் காணவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தேன். பிறகுதான் மற்ற இடங்களைத் தேடினேன். கிணற்றை முதலில் பார்த்த அந்த நிமிஷத்தை என்னால் மறக்கமுடியவில்லை. அரை மணி கழித்து ரயில்வே கேட்டைத் திறந்து மூடுகிறவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"உன் ஊட்டுக் கொயந்தையாம்மா இது? இஞ்சின் ஓட்றவருக்கு சலாம் வச்சிகினு தண்டவாளத்தாண்ட நிக்குது. இன்னொரு தபா வந்துச்சின்னா நானே வச்சிகினு பச்சைக்கொடி காட்டக் கத்துக் குடுத்துருவேன்" என்றார்.

நாத்தனார் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவள் நாலெழுத்துப் படிக்கவேண்டும் என்று தோன்றவில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் வரை வேலி போட்ட இடத்தில் இருப்பாள் என்றுதான் தோன்றியது. படிப்பைப் பற்றிய நியாயங்களையெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டேன்.

கணவரிடம் சொன்னபோது, இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே, அதற்குள் என்ன அவசரம் என்றார். அவர் பகலில் வீட்டில் இருப்பதில்லை. நாத்தனார் என் பக்கம் பேசினார்.

"ஒரு எடத்துல குந்தவச்சாத்தான் குந்தக் கத்துக்கும். ஊட்ல வச்சிகினு இன்னா பண்ணப் போற? கன்னுக்குட்டி பக்கத்துல இன்னொரு முளை அடிச்சிக் கட்டப் போறியா?"

அவசரப்பட்டு ஒன்றும் செய்யக்கூடாது என்று நானே ஒரு பரீட்சை வைத்தேன். உலை வைத்ததும் அவள் முன்னால் புளியங்கொட்டையைக் கொட்டி, தண்ணீர் கொதிக்கும் வரை உட்கார்ந்து எண்ணவேண்டும் என்றேன். நான்கு தடவை எழுந்தாள். ஒரு தடவை காக்கை வந்தது. ஒரு தடவை தெருவில் நுங்குக்காரர் போனார். ஒரு தடவை கன்றுக்குட்டி கத்தியது. நான்காவது தடவைக்குக் காரணமே இல்லை. ஆனால் கொட்டைகளை முப்பது வரை சரியாக எண்ணியிருந்தாள். இதைத் தேறியதாக வைத்துக்கொள்வதா, தவறியதாக வைத்துக்கொள்வதா? குழந்தை வளர்ப்பு பற்றிப் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளை நான் வெட்டி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எடுத்து மறுபடி படித்தேன். அவற்றில் வரும் குழந்தைகள் எல்லாம் உட்கார்ந்துதான் இருக்கின்றன.

பிறகு கையைப் பழக்கினேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது தோளிலிருந்து விரல் நுனி வரை நீவி இழுத்துவிடுவேன். அப்படிச் செய்தால் கை நீளும் என்று நாத்தனார் சொல்லியிருந்தார். எலும்பு அப்படி வளராது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நீவினேன். அவள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, ஓடும்போதும் கையைத் தலைமேல் போட்டுக்கொண்டே ஓடினாள். தலையைச் சாய்த்தால் விரல் காதுக்கு வந்துவிடும். நேராக வைத்தால் ஒரு நகத்தளவு குறையும்.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் கூட்டிக்கொண்டு போனேன். நீளமான தாழ்வாரத்தில் குழந்தைகள் வரிசையாக நின்றார்கள். பெரிய வாத்தியார் ஒரு மேஜையின் பின்னால் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டுக் கையைத் தூக்கச் சொல்வார். தலையைச் சாய்க்கும் பிள்ளைகளின் உச்சியில் தன் உள்ளங்கையை வைத்து நிமிர்த்துவார். அதை வரிசையில் நின்றபோதே பார்த்துவிட்டேன். அப்போதே திரும்பியிருக்கலாம்.

எங்கள் முறை வந்தது. அவள் நேராக நின்று கையைப் போட்டாள். நகத்தளவு குறைந்தது. இன்னும் எட்ட முயன்றாள், முகம் சிவந்தது. வாத்தியார் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். பின்னால் ஒரு பிள்ளை அம்மாவின் கையை உதறிவிட்டு அலறியது. அவர் அந்தப் பக்கம் திரும்பினார். என் மகளின் பின்னலில் இருந்த பூ நழுவித் தொங்கியது. நான் குனிந்து அதைச் சரிசெய்தேன். பூவைத்தான் சரிசெய்தேன். ஆனால் என் மணிக்கட்டு அவள் முழங்கையில் பட்டது எனக்கு நினைவிருக்கிறது. பட்டதா, அழுத்தியதா என்பது நினைவில்லை. வாத்தியார் திரும்பியபோது நடுவிரல் காதின் மேல் இருந்தது.

"தொட்டுட்டாளே" என்றார். அன்றைய தேதியிலிருந்து சரியாக ஐந்து வருஷத்தைக் கழித்துப் பிறந்த தேதி என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "சரிதானேம்மா?" என்றார்.

உண்மையான தேதி என் நாக்கு நுனியில் இருந்தது. நான் "சரிங்க" என்றேன்.

பாலர் வகுப்பு டீச்சர் சின்ன வயதுக்காரர். கிறிஸ்தவப் பெண். பட்டணத்தில் சிறு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே பயிற்சி பெற்று வந்தவர். மணலைப் பரப்பி அதில் விரலால் எழுத வைப்பார், கைதட்டிப் பாட்டுச் சொல்லித்தருவார். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு அறையில் நாற்பது பிள்ளைகள். முதல் மாதம் முழுவதும் நான் அவளைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது சொல்ல இருந்தது. மணலை எல்லார் தலையிலும் இறைத்தாள், ஜன்னல் கம்பியில் ஏறினாள், பாட்டு முடியும் முன்னே ஆட்டத்துக்குப் போய்விட்டாள்.

"ரயில் ஊதினா முப்பத்தொம்பது பிள்ளைங்க என்னைப் பாக்குதுங்க. உங்க பொண்ணு மட்டும் வேலிக்கு ஓடிடறா. நான் அவளைப் பிடிக்கப் போனா, மீதிப் பேரும் என் பின்னாலயே ஓடி வர்றாங்க" என்றார் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் களைத்திருந்தார்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வழி இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு, ஒரு விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டு உட்காரவேண்டும். டீச்சர் சொன்ன பிறகுதான் எழுந்திருக்கலாம். நானும் சின்ன வயதில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் அப்படித்தான் உட்கார்ந்தோம். டீச்சர் ஒருநாளும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அடித்திருந்தால் எனக்கு முடிவு எடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

ஆவணி முடிவதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். புகார்கள் நின்றன. வீட்டிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டில் இருந்ததைத் தட்டிலேயே சாப்பிட்டாள். நாத்தனார் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்து என்னிடமும் சொன்னார்: "நான் சொன்னேன்ல. ரெண்டே மாசம், எப்படி அடங்கிப்போச்சி பாத்தியா." கணவர் பட்டணத்திலிருந்து அவளுக்கு ஒரு நாடா வாங்கி வந்தார். நான் பெருமைப்பட்டேன். பத்துநாள் இருக்கும். துணி துவைத்து முடிக்கும் வரை ஒருதரம்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்காமல் துவைத்தேன். அது எவ்வளவு பெரிய சுகம் என்று குழந்தையைத் துரத்திக்கொண்டு திரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆயுத பூஜை விடுமுறை வந்தது. மண்வெட்டி, அரிவாள், தராசு எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கியபோது, நாத்தனார் அவளுடைய சிலேட்டையும் வாங்கி நடுவில் வைத்தார். மறுநாள் அதை எடுத்து முதல் எழுத்து எழுதினாள். அழகாக எழுதினாள். அதற்கு அடுத்த நாள் காலையில் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அப்போது ரயில் ஊதியது. மெயில் வண்டி. அவள் உடம்பு ஒருதரம் குலுங்கியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"யம்மா, எயுந்துக்கட்டுமா?"

எழுந்துக்கோ என்று நான் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் கேட்டது முதலில் எனக்குப் புரியவில்லை. அதற்குள் வண்டி போய்விட்டது. அவள் சத்தம் தேய்வதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சரி என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டாள்.

நான் கீரையை அப்படியே வைத்துவிட்டு அவளை எழுப்பி நிற்கவைத்தேன். எதற்காக என்று தெரியாமலே, கையைத் தலைக்கு மேல் போடு என்றேன். போட்டாள். எட்டவில்லை. ஆனியில் நகத்தளவு குறைந்த கை, நான்கு மாதம் வளர்ந்த பிறகு ஒரு விரற்கடை குறைந்தது. இன்னும் நீட்டு என்றேன். "எட்டல" என்றாள். முழங்கை முழுவதும் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன். வளைந்த மாதிரியும் இருந்தது, அவளே பிடித்து நிறுத்திய மாதிரியும் இருந்தது.

"எட்டலையா, எட்ட மாட்டியா?" என்று கேட்டேன்.

அவள் தலைமேல் இருந்த கையை இறக்கி, விரலை உதட்டின்மேல் வைத்துக்கொண்டாள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது நான் அவளை அனுப்பவில்லை. குழந்தைக்கு இருமல் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருமலு ஆருக்கு? கொயந்தைக்கா, உனக்கா?" என்றார். கணவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "வேணாம்னு நான் சொன்னப்ப சேத்தே. எல்லாம் சரியாப் போச்சின்னு நாங்க நெனைக்கிறப்ப நிறுத்தற. எதுனா ஒண்ணு சொல்லும்மே, நான் அதுக்கு ஒத்துக்கிறேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் ஜெபம் முடிந்து டீச்சரே வீட்டுக்கு வந்தார். மோர் கொடுத்தேன். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, வயது தப்பு என்பதிலிருந்து தொடங்கினேன். நான் சொல்லி முடித்ததும் அவர் மெல்லச் சிரித்தார்.

"அதுக்காம்மா இவ்வளவு வருத்தப்படறீங்க? என் வகுப்புல பாதிப் பிள்ளைங்களுக்குப் பிறந்தநாள் ஒண்ணுதான், பள்ளிக்கூடம் திறந்த வாரம்."

குற்றத்தைச் சொல்லிவிட்டால் யாராவது திட்டுவார்கள், திட்டினால் ஒரு வழி தெரியும் என்று நினைத்திருந்தேன். அதுவும் நடக்கவில்லை. குழந்தை தயாராக இருக்கிறாளா, இல்லையா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எழுத்து வருது, எண்ணிக்கை வருது, உக்காரவும் கத்துக்கிட்டா. பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது எல்லாம் இருக்கு. ஆனா அவ உக்காந்திருக்கறது சந்தோஷமாவான்னு கேட்டீங்கன்னா, நாப்பது பேர்ல ஒருத்தியை நான் அவ்வளவு உத்துப் பாக்கலை. அதை நான் சொன்னா பொய்யாயிடும்."

அவர் நல்லவர். கிறிஸ்துமஸ் விடுமுறை முடியும் வரை பதிவேட்டில் பெயரை அடிக்காமல் வைத்திருக்கிறேன், அதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். முதல் வாரம் உட்கார்ந்தே இருந்தாள். இரண்டாம் வாரம் கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்த்துவிட்டு அதன் பின்னால் ஓடினாள். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார், எனக்குக் கண்ணில் நீர் வந்தது. போனது திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாளே ரயில் ஊத, அவள் தெருக்கோடிக்கு ஓட, திருப்பத்தில் வந்த லாரி கிரீச்சிட்டு நின்றது. அதை ஓட்டிய பட்டாளத்துக்காரர் எனக்குப் புரியாத பாஷையில் ஏதோ கத்தினார். அன்று முழுவதும் நான் அவளைக் கையைவிட்டு இறக்கவில்லை. பங்குனியில் கிணற்றை எட்டிப் பார்த்த இடத்துக்கே மறுபடி வந்து நிற்கிறேன்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடக்கிறது. காலையில் ஒன்பது மணிக்குத் தெருப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, அவள் சிலேட்டை எடுத்துக்கொண்டு வாசல் படலண்டை வந்து நிற்கிறாள். அவர்கள் மறையும் வரை பார்த்துக்கொண்டே நிற்கிறாள். போகணுமா என்று கேட்டால் போகணும் என்பதில்லை, வேண்டாம் என்பதில்லை. நேற்றும் கேட்டேன். என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "நீ சொல்லு" என்றாள்.

முன்பெல்லாம் அவள் என்னை ஒன்றுமே கேட்டதில்லை. கேட்கத் தெரிந்துகொண்டதைத்தான் வளர்ச்சி என்கிறார்களா? நான் கேட்டு நடந்தே வளர்ந்தவள். அதற்குப் பரிசாகத் தையல் பெட்டி வாங்கியவள். இத்தனை வருஷம் கழித்து, என் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு நாத்தனாரைக் கேட்டேன், கணவரைக் கேட்டேன், டீச்சரைக் கேட்டேன். ஒவ்வொருவரும் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஓடும் குழந்தையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் குழந்தை ஒருநாள் ஓடாமல் உட்கார்ந்தபோது, அது பழகிக்கொண்டதா, பயந்துவிட்டதா என்று எதை வைத்துத் தெரிந்துகொண்டீர்கள்? ஒரு வருஷம் வீட்டில் நிறுத்திவைத்தவர்கள் அதற்காகப் பிறகு வருந்தினீர்களா? லாரி ஓடும் தெருவில் அந்த ஒரு வருஷத்தை எப்படிக் கழித்தீர்கள்? சண்டையால் காகிதம் கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். ஒரு கார்டில் நான்கு வரி போதும், இந்தப் பத்திரிகையின் முகவரிக்கே எழுதுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிவதற்குள் கிடைத்தால் நல்லது. பிறகு வந்தாலும் எழுதுங்கள். நான் அவளை அனுப்பியிருந்தாலும் சரி, அனுப்பாமல் இருந்தாலும் சரி, செய்தது சரிதானா என்று அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.